75 வாட்டுக்குள் ஆடுங்கள், தம்பி

கேள்வி:

நான் கரூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கணக்கு எழுதும் ஏற்றுமதிக் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டபோது ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020. ஐ5-4570 பிராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கூடவே வந்த 18.5 அங்குல மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது.

வாலரன்ட் ஆடும்போது நாலு பேர் ஒன்றாக வந்து சுட ஆரம்பித்தால் திணறுகிறது. ஜிடிஏ 5 லோடாவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பகுதிநேர வேலையில் சேர்த்த 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடைக்காரர், “செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி கார்டு இருக்கு. கூட ஒரு 500 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டு முடிச்சுத் தர்றேன்” என்கிறார். நண்பனோ, “அந்த டப்பாவுல காசைப் போடாதடா, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதுசு வாங்கு” என்கிறான். நான் என்ன செய்யட்டும்? அப்பாவின் டேலி கணக்கும் இதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருக்க முடியாது.

— ஒரு வாசகர், கரூர்

பதில்:

தம்பி, அந்த ஆர்எக்ஸ் 580-ஐ வாங்காதீர்கள். கார்டு கெட்டது என்பதால் இல்லை. உங்கள் சிஸ்டம் அதைத் தாங்காது.

உங்கள் கடிதத்தில் பிராசஸர், ரேம், டிஸ்க், மானிட்டர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று மட்டும் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் கம்பெனிகளில் இருந்து கழித்துவரும் டெல், ஹெச்பி, லெனோவோ சிஸ்டங்களில் எந்தக் கார்டு போடலாம் என்பதை முடிவு செய்வது அந்த எஸ்எம்பிஎஸ்தான். 9020 மாடலில் இரண்டு வகை கேபினட்டில் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மினி டவர், அதில் 290 வாட். இன்னொன்று ஒல்லியான சின்னப் பெட்டி, எஸ்எஃப்எஃப் என்பார்கள், அதில் 255 வாட். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே எழுதியிருக்கும்.

ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வாட் இழுக்கும் கார்டு. பிராசஸருக்கு 84 வாட். இரண்டையும் கூட்டினாலே டெல் கொடுத்த எஸ்எம்பிஎஸ் மூச்சுமுட்டும். அதுமட்டுமில்லை, அந்தக் கார்டின் தலையில் எட்டுப் பின் கரண்ட் ஒயர் ஒன்று செருக வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி ஒரு ஒயரே வராது. சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுகிறேன் என்கிறார் கடைக்காரர். அதிலும் ஒரு சிக்கல். கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மதர்போர்டுக்குப் போகும் ஒயர் 24 பின். உங்கள் டெல் மதர்போர்டில் இருப்பது எட்டுப் பின். நடுவில் மாற்று ஒயர் ஒன்று போட்டால் மினி டவரில் ஓட்டிவிடலாம், பலரும் ஓட்டுகிறார்கள். ஒல்லிப் பெட்டியில் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளேயே நுழையாது.

அதைவிட எனக்குக் கவலை அந்த “500 வாட்” என்ற சொல்லில்தான். கடைகளில் மலிவு விலைக்குத் தொங்கும் எஸ்எம்பிஎஸ்களின் அட்டையில் 450, 500 என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். பெருக்கிப் பார்த்தால் பல சரக்குகளின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும். டெல் கொடுத்த 290 வாட் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் சொன்ன அளவைத் தரும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெயர் தெரியாத 500-ஐ மாட்டுவது முன்னேற்றம் ஆகாது.

இன்னொரு குறுக்குவழியும் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கரண்ட் ஒயரில் ஒரு கன்வெர்ட்டர் மாட்டி, அதிலிருந்து கார்டுக்குக் கரண்ட் எடுப்பது. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வேண்டவே வேண்டாம்.

அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் வழி? மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் இருக்கிறதே, அதுவே கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். தனி ஒயர் எதுவும் வேண்டாம். 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு என்றால் உங்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும், மதர்போர்டும் கேபினட்டும் அப்படியே இருக்கும். உங்கள் எல்லை அதுதான். அந்த எல்லைக்குள் ஆட ஒத்துக்கொண்டால் 15,000 ரூபாயில் நல்ல சிஸ்டம் கிடைக்கும். எல்லையைத் தாண்ட ஆரம்பித்தால் எஸ்எம்பிஎஸ், மாற்று ஒயர், கேபினட் விசிறி என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். கடைசியில் உங்கள் நண்பர் சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

கார்டுக்குப் போகும் முன்னால் வேறு இரண்டு வேலை இருக்கிறது. அவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

முதலாவது எஸ்எஸ்டி. ஜிடிஏ 5 லோடாக டீ குடிக்கப் போக வேண்டியிருப்பதற்குக் காரணம் கிராஃபிக்ஸ் இல்லை, அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஆரம்பித்துப் பாருங்கள், டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 அல்லது 512 ஜிபி, ஓரளவு பெயர் தெரிந்த கம்பெனி, எழுதித் தந்த வாரண்டி. அவ்வளவு போதும். கடையில், “எம்.2 என்விஎம்இ இதைவிட நாலு மடங்கு வேகம்” என்று ஒன்றை நீட்டுவார்கள். உங்கள் போர்டில் அதற்கு இடமே இல்லை. கன்வெர்ட்டர் கார்டு வைத்துச் செருகினாலும் அந்தக் காலத்து பயாஸ் அதிலிருந்து விண்டோஸை பூட் செய்யாது. கேட்டுக்கொண்டு நகருங்கள்.

அப்பாவின் டேலி விஷயம் இங்கேதான் வருகிறது. எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அந்த நேரத்தில் கழற்றி மேசை மேல் வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், இன்ஸ்டால் செய்யும்போது எந்த டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் கை தவறி டேலி இருக்கும் டிஸ்க்கை அழித்துவிடுவீர்கள். இது அடிக்கடி நடக்கிற விபத்து. அதற்கும் முன்னால் டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து அப்பா கையிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் கூடுதல் இடமாக இருக்கும். ரெட் டெட் 2 மட்டுமே 150 ஜிபி கேட்கிறது என்பதால் அந்த இடம் தேவைப்படும்.

இரண்டாவது ரேம். 8 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரே துண்டா, இரண்டு 4 ஜிபி துண்டுகளா? மூடியைத் திறக்கும்போதே பாருங்கள். ஒரே துண்டு என்றால் இன்னொரு 8 ஜிபி வாங்கி இணைத்து மாட்டுங்கள். மொத்தம் 16 ஆகிறது என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், இரண்டு துண்டாக இருக்கும்போது பிராசஸர் இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் டேட்டா எடுக்கும். டிடிஆர்3-1600 ரேம் ஒரு துண்டாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி, இரண்டாக இருந்தால் 25.6 ஜிபி. உங்களிடம் இப்போது தனிக் கார்டு இல்லை. பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் ஹெச்டி 4600-தான் படத்தை வரைகிறது. அதற்கென்று சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. அதனால் கார்டு வாங்காத நிலையிலேயே ரேமை இரட்டையாக்கினால் வாலரன்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ரேம் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆன்லைனில் ஆச்சரியப்படும் விலைக்கு 8 ஜிபி டிடிஆர்3 கிடைக்கும். விவரத்தின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் “ஏஎம்டிக்கு மட்டும்” என்று போட்டிருப்பார்கள். அது இன்டெல் போர்டில் ஏறாது. சர்வரில் இருந்து கழற்றிய ரேமும் அப்படித்தான். உங்கள் ஊரிலேயே கழற்றிய டெஸ்க்டாப் ரேம் கிடைத்தால், கேபினட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கேயே மாட்டி ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். புதிய தலைமுறை ரேம் விலையெல்லாம் 2025 கடைசியில் இருந்து ஏறிவிட்ட நிலையில், பழைய டிடிஆர்3 வைத்திருப்பதற்கு நீங்கள் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது கார்டு.

75 வாட்டுக்குள் இன்று கடைகளில் உங்கள் கண்ணில் படக்கூடியவை நாலைந்துதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல், இன்டெல் ஆர்க் ஏ380. கடைசியில் சொன்னதை முதலிலேயே தள்ளிவிடலாம். இன்டெல் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். 2013-இல் வந்த உங்கள் போர்டில் அது இல்லை.

1050 டிஐ 2016-இல் வந்தது. செகண்ட் ஹேண்டில் எங்கு திரும்பினாலும் கிடைக்கும். நல்ல கார்டுதான், நானே பலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இனி சொல்ல மாட்டேன். என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்பு சம்பந்தமான திருத்தங்கள் மட்டும்தான். கையில் ஏற்கெனவே இருப்பவர் வைத்துக்கொண்டு ஆடலாம். இன்று காசு கொடுத்து வாங்குபவர் அதை வாங்கக் கூடாது.

2019-இல் வந்த 1650 அதற்கு அடுத்த தலைமுறை, டிரைவர் இன்னும் வருகிறது. 4 ஜிபி மெமரி. அந்த மெமரியின் வேகம் குறைந்தது நொடிக்கு 128 ஜிபி. மேலே சொன்ன 25.6-ஐ நினைத்துப் பாருங்கள், ஹெச்டி 4600-ஐ விட்டு இதற்கு வரும்போது எப்படிப்பட்ட தாவல் என்று புரியும். உங்கள் பட்ஜெட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே நிபந்தனை. 1650 என்ற பெயரிலேயே தலையில் ஆறு பின் ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு. வாங்கும்போது கார்டின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஒயர் செருகும் இடம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆர்எக்ஸ் 6400 புதிதாகவே வாரண்டியோடு கிடைத்தால் ஆசையாக இருக்கும், 53 வாட்தான். ஆனால் அது ஸ்லாட்டில் நாலு பாதையை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. புது போர்டில் அது பெரிய குறையாகத் தெரியாது. உங்கள் போர்டில் ஒவ்வொரு பாதையும் பாதி வேகம் என்பதால், 4 ஜிபி நிரம்பி ரேமிடம் கை நீட்டும்போதெல்லாம் தடுமாறும். ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போடும் எண்ணம் இருந்தால் அதில் அந்த வேலைக்கான என்கோடரும் இல்லை. இருந்தாலும், உங்களுடையது ஒல்லிப் பெட்டியாக இருந்தால் கதையே வேறு. அதில் பாதி உயரக் கார்டுதான் போகும், அதிலும் தடிமனான கார்டு பக்கத்தில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இடிக்கும். உயரமும் தடிமனும் குறைந்த 6400 அங்கே மருந்து மாதிரி வேலை செய்யும். மூடியைத் திறந்து அளந்து பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் 2024-இல் வந்தது, 70 வாட். இந்த வரிசையில் ராஜா அதுதான். டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. புதிதாக வாங்கினால் உங்கள் மொத்தப் பணத்தையும் அதுவே விழுங்கிவிடும். எஸ்எஸ்டியும் ரேமும் இல்லாமல் அதை மட்டும் வாங்கி மாட்டினால், பழைய பிராசஸரும் ஹார்ட் டிஸ்க்கும் அதைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் அது நியாயம்: இரண்டு வருஷத்தில் புது சிஸ்டம் வாங்கப் போகிறேன், கார்டை அதில் மாட்டிக்கொள்வேன் என்று உறுதியாக இருந்தால். இந்தப் பழைய சிஸ்டத்தில் போடும் காசில் எஸ்எஸ்டியும் கார்டும் உங்களோடு வரும். டிடிஆர்3 ரேமும் பிராசஸரும் வராது. எதில் எவ்வளவு போடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

வாங்கவே கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “4 ஜிபி கேமிங் கார்டு, புதுசு, சீல் உடைக்காதது” என்று ஜிடி 730 ஒன்றைக் காட்டுவார்கள். ஜிபி என்பதை வைத்துக் கார்டை எடைபோடும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருப்பதால்தான் இது இன்னும் விற்கிறது. அதில் டிடிஆர்3 மெமரி வைத்த சில மாடல்களின் வேகம் நொடிக்கு 14.4 ஜிபிதான். உங்கள் ரேம் இரண்டு துண்டாகிவிட்டால் அதுவே இதை முந்திவிடும். 4 ஜிபி என்ன, 40 ஜிபி வைத்தாலும் ஓடாத வண்டி ஓடாது. வாலரன்ட் கம்பெனியே 60 எஃப்பிஎஸ்ஸுக்கு ஜிடி 730-ஐத்தான் பரிந்துரைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், வாலரன்டுக்கு அது ஒப்பேற்றும். ரெட் டெட் 2-வின் பெயரைச் சொன்னாலே படுத்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் 1650 வாங்கப் போகும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பழைய கார்டுகளின் பயாஸை மாற்றிப் புதுப் பெயரில் விற்கும் வேலை பல வருஷமாக நடக்கிறது. 1050 டிஐ என்ற பெயரில் 2010, 2011 காலத்துக் கார்டுகள் வந்து பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் ஒரு சிஸ்டத்தில் மாட்டி அதை ஓடவிடச் சொல்லுங்கள். போலி என்று தெரிந்தால் அதுவே பெயருக்கு முன்னால் அறிவித்துவிடும். 1650 என்றால் ஷேடர் எண்ணிக்கை 896 என்று காட்ட வேண்டும். அப்படியே கால் மணி நேரம் ஏதாவது ஒரு கேமை ஓட்டிப் பாருங்கள். விசிறி தடதடக்கிறதா, திரையில் கோடு விழுகிறதா, சூடு 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் கரூரானாலும், கார்டை ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் நிற்காதீர்கள்.

மானிட்டர் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நல்லவேளை எழுதினீர்கள். 1650-லோ 3050-லோ விஜிஏ துளை கிடையாது. கார்டு வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்கு இது தெரியும், ராத்திரி எட்டு மணிக்குக் கடையைத் தேடி ஓடுவார்கள். ஹெச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கார்டோடு சேர்த்தே வாங்குங்கள். உள்ளே சிப் உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் ஒயர் மாதிரி மலிவாக இருப்பது வேலை செய்யாது.

அந்த மானிட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள். 18.5 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1366×768 திரையாக இருக்கும். அதில் மொத்தம் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் ஹெச்டியில் இருபது லட்சத்து எழுபதாயிரம் சொச்சம். உங்கள் கார்டு மற்றவர் கார்டில் பாதி வேலை பார்த்தால் போதும். காசு செலவில்லாமல் கிடைத்திருக்கும் அப்கிரேடு அது. புது மானிட்டர் வாங்கிய மறுநாளே கார்டு போதவில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும்.

பிராசஸரைப் பற்றிக் கடைக்காரர் எதுவும் சொல்லவில்லையா? சொல்வார். ஐ5-4570-இல் நாலு கோர், நாலு திரெட். அதே சாக்கெட்டில் ஐ7-4770 போட்டால் நாலு கோரும் எட்டுத் திரெட்டும் கிடைக்கும், கரண்ட் அதே 84 வாட். அந்த போர்டில் பெரிதாகப் போக முடிந்த தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இப்போதே வாங்காதீர்கள். கார்டு மாட்டிய பிறகு, ஆடும்போதே பிராசஸர், கார்டு இரண்டின் சதவீதத்தையும் திரையில் காட்டும் ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். கார்டு 95-க்கு மேல் நின்றால் பிராசஸர் மேல் குறை இல்லை. பிராசஸர் 100-இல் முட்டிக்கொண்டு கார்டு 60-இல் சும்மா நின்றால் அப்போது ஐ7 தேடலாம். ஜிடிஏ 5-இல் 2015-இல் வந்த பழைய பதிப்பு உங்கள் ஐ5-க்குப் போதும், அந்தப் பதிப்புக்கு அதைத் தயாரித்த ராக்ஸ்டார் கம்பெனி பரிந்துரைத்ததே ஐ5-3470-தான். 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்டு பதிப்பு குறைந்தபட்சமே ஐ7-4770 கேட்கிறது, எஸ்எஸ்டியும் கட்டாயம். ரெட் டெட் 2-க்கு ராக்ஸ்டார் பரிந்துரைப்பது ஐ7-4770கே, ஜிடிஎக்ஸ் 1060. நீங்கள் அதற்கு ஒரு படி கீழே இருப்பீர்கள். 768 திரையில் நடுத்தர செட்டிங் வைத்தால் கதையை நிம்மதியாக முடிக்கலாம். குதிரையில் காட்டுக்குள் போகும்போது சுகமாக இருக்கும், செயின்ட் டெனிஸ் ஊருக்குள் நுழைந்தால் கொஞ்சம் இழுக்கும்.

உங்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு. நீங்கள் வைத்திருப்பது இன்டெல் நாலாம் தலைமுறை. அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இருக்கிறது, மூன்றாம் தலைமுறையில் கிடையாது. அது இல்லாவிட்டால் சில புது கேம்கள் திறக்கவே மறுக்கும். கழித்துவிட்ட சிஸ்டம் தேடும் உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஐ5-3470 போட்ட பெட்டி ஆயிரம் ரூபாய் குறைவு என்று பாய்ந்துவிட வேண்டாம்.

இனி விண்டோஸ். இந்த சிஸ்டத்தின் ஆயுளைத் தீர்மானிக்கப் போவது கார்டைவிட இதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11 உங்கள் பிராசஸரை ஏற்காது, எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். தடையைத் தாண்டி இன்ஸ்டால் செய்ய யூடியூபில் ஆயிரம் வழி சொல்வார்கள், செய்தால் விண்டோஸும் ஓடும். ஆனால் வாலரன்ட் ஓடாது. அதன் வான்கார்ட் என்ற காவல் மென்பொருள் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 இருந்தே ஆக வேண்டும் என்கிறது, உங்கள் போர்டில் இருப்பது பழைய 1.2. எனவே வாலரன்ட் முக்கியம் என்றால் விண்டோஸ் 10-ஐ விட்டு நகராதீர்கள். லினக்ஸுக்கு மாறினால் ஸ்டீமில் உள்ள பல கேம்கள் ஓடும், ஆனால் அங்கேயும் வாலரன்ட் கிடையாது. நண்பர்களோடு ஆடுவது ஒரு கேம், அதுவே எங்கும் போக முடியாமல் உங்களைக் கட்டிப்போடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு பணம் போடுங்கள்.

அப்பாவின் வங்கி வேலைகளையும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதையும் திருத்தங்கள் நின்றுபோன பிறகு இந்த சிஸ்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். திருட்டு கேம் எதையும் அதில் இறக்கவும் வேண்டாம். டேலி இருக்கும் சிஸ்டத்தில் கிராக் செய்த கேம் போட்டு, எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்ட பிறகு அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது காத்திருந்து வாங்குங்கள்.

மூடியைத் திறந்த கையோடு செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்: தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள், விசிறியைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிராசஸர் மேல் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட் இத்தனை வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியையும், சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். கரூர் வெயிலில் மே மாதம் மத்தியானம் மூடிய அறையில் ஆடினால் எந்தக் கார்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. டெல்லின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கடைசி பயாஸ் இருக்கும். கார்டு மாட்டும் முன் அதையும் ஏற்றிவிட்டால், புதுக் கார்டு போட்டதும் திரை கருப்பாக நிற்கும் பிரச்சினை பெரும்பாலும் வராது. பயாஸ் ஏறும்போது கரண்ட் போகக் கூடாது. வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிச் செய்யுங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரை தாங்கும், 1650 போட்ட உங்கள் சிஸ்டம் மானிட்டரோடு சேர்த்து அதற்குள் அடங்கிவிடும்.

பணக் கணக்கு என்றால் இப்படிப் பாருங்கள். கார்டுக்கு 8,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியில் எஸ்எஸ்டி, ரேம், கன்வெர்ட்டர், பேஸ்ட். இவையெல்லாம் முடிந்து ஏதாவது மிஞ்சினால் அது ஐ7-க்கு. கலர் கலராக எரியும் விசிறி, “கேமிங்” என்று முதுகில் எழுதிய கீபோர்டு இவற்றுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆறேழு மாதத்தில் இன்னொரு இருபதாயிரம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எஸ்எஸ்டியும் ரேமும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பணம் வருவது நிச்சயமில்லை என்றால் 1650 போட்டு ஆடுங்கள்.

எஸ்எஸ்டியையும் ரேமையும் இந்த வாரமே மாட்டிவிடுங்கள், கார்டுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அவசரமாகத் தேடுபவருக்கு எப்போதும் மோசமான கார்டுதான் மாட்டும். அதற்குள் மூடியைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் தாளையும் கார்டு ஸ்லாட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால், உங்களுடையது டவரா ஒல்லிப் பெட்டியா என்று பார்த்து எந்த அளவுக் கார்டு தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.